சிங்கப்பூருக்குப் புதிதா? கீழே வைக்க முடியாத தமிழ்ப் புத்தகத்தைத் தேடிப் பிடிக்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த முதல் ஆண்டில் நான் காசு கொடுத்து வாங்கிய தமிழ்ப் புத்தகங்கள் ஐந்து. நூலகத்தில் இரவல் எடுத்தவை பதினாறு. முழுதாகப் படித்து முடித்தது ஒன்றுகூட இல்லை. பதினாறையும் பன்னிரண்டு நாள் தாமதமாகத் திருப்பிக் கொடுத்து, புத்தகத்துக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து காசு வீதம் 28 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 80 காசு தண்டம் கட்டினேன். அந்தக் காசில் கோப்பிக்கடையில் ஒரு வாரம் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம்.

ஊரில் இருந்தபோது நான் நன்றாகப் படிக்கிறவன். இங்கே வந்ததும் ஏன் முடியாமல் போனது என்று யோசித்தால், எடுத்த புத்தகங்கள் எல்லாம் 'படிக்க வேண்டியவை'. பெரியவர்கள் பட்டியலிட்டவை. பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்தவனை அவை பிடித்து இழுக்கவில்லை. அதன் பிறகு எனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டேன். என்னுடைய அறைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். உங்களுக்கும் எழுதிவிடுகிறேன்.

1. முதலில் நேரத்தை அளந்துகொள்ளுங்கள்

நூலகத்துக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் உங்களைக் கவனியுங்கள். படிக்க எங்கே நேரம் கிடைக்கிறது? பலருக்கு எம்ஆர்டி ரயிலில்தான். பாசிர் ரிஸில் ஏறி துவாஸ் லிங்க் வரை போகிறவருக்குப் போகும்போதே ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. உட்கார இடமும் கிடைத்துவிட்டால் அவர் நாவல் படிக்கலாம். லாரியில் வேலையிடத்துக்குப் போகிறவருக்கு அந்த நேரம் தூக்கத்துக்குத்தான். அவருக்கு ஞாயிறு மதியம் மட்டும் மிஞ்சும். இருபது நிமிடப் பயணக்காரருக்குச் சிறுகதையும் தொடர்கதை அத்தியாயமும்தான் பொருந்தும்.

ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுநூறு பக்கக் கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தூக்கிப் படிக்க முடியாது. நான் முயன்று பார்த்தேன். ஜூரோங் ஈஸ்ட்டில் கூட்டம் ஏறியபோது புத்தகம் ஓர் அம்மாவின் காலில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, புத்தகத்தை எடுத்துக் கொடுத்து அட்டையைப் பார்த்தார். "பொன்னியின் செல்வனா? உட்கார்ந்து படியுங்க தம்பி" என்றார்.

2. நூலக உறுப்பினர் ஆகுங்கள்

தேசிய நூலக வாரியத்தின் பொது நூலகங்கள் தீவு முழுக்க இருக்கின்றன. உள்ளே போவதற்கும் உட்கார்ந்து படிப்பதற்கும் எந்த அட்டையும் வேண்டாம், கட்டணமும் இல்லை. இது தெரியாமல் நான் நான்கு மாதம் வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தான் உறுப்பினராக வேண்டும். குடிமக்களுக்கு இலவசம். என்னைப் போல் வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டினர் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். நான் கட்டியபோது ஐம்பது வெள்ளிக்குச் சற்று மேல் ஆனது. பொருள் சேவை வரியை ஒட்டித் தொகை மாறும், ஆகவே கட்டுவதற்கு முன் வாரியத்தின் இணையத்தளத்தில் இன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது வெள்ளி பெரிதாகத் தோன்றும். இங்கே கடையில் நாலைந்து புத்தகம் வாங்கினாலே அது போய்விடும் என்று கணக்குப் போட்டால் மனம் ஆறும்.

ஆவணங்கள்: அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு இருந்தால் வேலை பாதி முடிந்தது. இல்லாவிட்டால் வேலை அனுமதி அட்டை, கடவுச்சீட்டு, இங்குள்ள முகவரி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்கே போங்கள். முக்கியமாக ஒரு விஷயம்: அனுமதி அட்டையின் காலம் முடியப் போகிற மாதத்தில் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். புதுப்பித்த அட்டை வந்த பிறகு கட்டுங்கள். வேலை மாறி ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் கட்டிய காசு திரும்பி வராது.

ஒரு தடவைக்குப் பதினாறு வரை எடுக்கலாம். 21 நாள் வைத்திருக்கலாம். வேறு யாரும் முன்பதிவு செய்யாமல் இருந்தால் இன்னொரு 21 நாள் நீட்டிக்கலாம். பதினாறு எடுக்கலாம் என்பதற்காகப் பதினாறும் எடுக்காதீர்கள். நான் இப்போது மூன்றுக்கு மேல் எடுப்பதில்லை: ஒன்று விறுவிறுப்பானது, ஒன்று மெல்லியது, ஒன்று அட்டையைப் பார்த்து ஆசைப்பட்டது. 'நீட்டிப்பது' என்பதும் தானாக நடக்காது. கெடு முடிவதற்கு இரண்டு நாளுக்கு முன் கைத்தொலைபேசியில் மணி வைத்துவிடுங்கள்.

எந்த நூலகத்தில் எடுத்தாலும் வேறு எந்தப் பொது நூலகத்திலும் திருப்பிப் போடலாம். உட்லண்ட்ஸில் எடுத்ததை ஜூரோங்கில் போடலாம். கடைத்தொகுதிக்குள் இருக்கும் நூலகம் என்றால், கடைகள் மூடிய பிறகு புத்தகப் பெட்டிக்குப் போக வழி உண்டா என்று பகலிலேயே பார்த்துவையுங்கள். பொது விடுமுறை நாளில் நூலகங்கள் திறப்பதில்லை. சீனப் புத்தாண்டுக்கு முன்னரே நாலு நாளுக்குத் தேவையானதை எடுத்துவிடுங்கள்.

3. கணினியில் தேடும்போது எழுத்து ஏமாற்றும்

இந்த ஒன்றுக்காகவே இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன். நூலகக் கணினியில் சுஜாதாவின் பெயரை ஆங்கில எழுத்தில் நாம் வழக்கமாக எழுதுகிற மாதிரி தட்டினேன். சொற்பமாக வந்தது. 'தமிழ்ப் புத்தகமே இல்லை போலிருக்கிறது' என்று முடிவு கட்டி வெளியே வந்துவிட்டேன். அலமாரியில் அவர் வரிசையாக இருந்தார்.

நூலகப் பட்டியலில் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு அறிஞர்கள் வகுத்த ஒலிபெயர்ப்பு முறை ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். அதில் ச என்றால் எப்போதும் 'சி' (C) என்ற ஆங்கில எழுத்துத்தான், 'எஸ்' (S) கிடையாது. ஆகவே சுஜாதாவும் சாண்டில்யனும் 'சி' என்ற எழுத்தில் தொடங்குகிறார்கள். சிங்கப்பூரே அங்கே 'சி'தான். க என்றால் எப்போதும் 'கே', 'ஜி' வராது. த வரும் இடத்தில் நாம் பழக்கத்தில் சேர்க்கும் 'எச்' வராது. ஜெயகாந்தனை 'எச்' இல்லாமல் எழுதுங்கள்.

என் வரிசை இதுதான். முதலில் தமிழ் எழுத்திலேயே தேடுவேன். கிடைக்காவிட்டால் 'சி' முறையில். அதுவும் இல்லையென்றால் நாம் பேச்சு வழக்கில் எழுதும் ஆங்கில எழுத்தில். மூன்றும் பொய்த்தால்தான் இல்லை என்று முடிவு. பட்டியலில் புத்தகம் எந்தக் கிளையில் இருக்கிறது, அலமாரியில் இருக்கிறதா, இரவலில் போயிருக்கிறதா என்பதும் தெரியும். இரண்டு பஸ் மாறிப் போவதற்கு முன் அதைப் பாருங்கள். 'மேற்கோள் பிரிவு' என்று போட்டிருந்தால் அதை வீட்டுக்குத் தரமாட்டார்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தில் மேல் மாடிகளில் உள்ள லீ கொங் சியான் நூலகத்துப் புத்தகங்கள் அப்படிப்பட்டவை. அதே கட்டடத்தின் நிலவறையில் இருக்கும் மத்திய பொது நூலகத்தில் இரவல் எடுக்கலாம். தவறான மாடிக்குப் போய் ஏமாந்து திரும்பியவர்கள் பலர்.

தமிழ் அலமாரி எல்லாக் கிளையிலும் ஒரே அளவில் இருக்காது. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது சிறியதாக இருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். ஒரு ஞாயிறு ஒதுக்கிப் பெரிய வட்டார நூலகம் ஒன்றுக்குப் போய் வாருங்கள். முன்பதிவு செய்து பக்கத்துக் கிளைக்கு வரவழைக்கவும் முடியும். அதற்குப் புத்தகத்துக்கு ஒன்றரை வெள்ளிக்குச் சற்று மேல் கொடுத்திருக்கிறேன். பஸ் காசையும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் நினைத்தால் அது லாபம்.

4. எதை எடுப்பது? வகைக்கு வகை என் கை எட்டியவை

முப்பது பக்கம் என்று ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பக்கத்துக்குள் இழுக்காத புத்தகத்தைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் திருப்பிக் கொடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

துப்பறிதல். சுஜாதாவின் 'கொலையுதிர் கால'த்தில் தொடங்குங்கள். வழக்கறிஞர் கணேஷும் அவருடைய உதவியாளர் வசந்தும் வருகிற கதை. நடப்பது பேயின் வேலையா, மனிதனின் வேலையா என்று இருவரும் முறைத்துக்கொள்கிறார்கள். வசந்த் பேய்ப் பக்கம், கணேஷ் அறிவியல் பக்கம். அறையில் தனியாக இருக்கும் இரவில் படிக்க வேண்டாம். எனக்கு மேல் கட்டிலில் படுத்திருந்த அண்ணன் காற்றாடியை நிறுத்தியபோது நான் கத்திவிட்டேன். இது பிடித்தால் கணேஷின் முதல் கதையான 'நைலான் கயிறு' பக்கம் போகலாம். சிரிப்போடு துப்பறிதல் வேண்டுமென்றால் தேவனின் 'துப்பறியும் சாம்பு'. வங்கியில் அசட்டுக் குமாஸ்தாவாக இருந்தவர், தான் செய்கிற தவறுகளாலேயே வழக்குகளை அவிழ்க்கிறார். ஒவ்வொரு கதையும் தனியாக நிற்கும், அளவும் சின்னது. இருபது நிமிடப் பயணக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை.

பாக்கெட் நாவல்களைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோர் எழுதியவை படிக்கும் பழக்கம் விட்டுப்போனவனை மறுபடி இழுத்து வரும். துருப்பிடித்த பூட்டில் எண்ணெய் விடுவது மாதிரி. நானும் அப்படித்தான் மீண்டேன்.

அமானுஷ்யம். இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா'. ஊர்க்காவல் தெய்வமும் மர்மக் கொலைகளும். தொலைக்காட்சித் தொடராகப் பார்த்தவர்களுக்கும் புத்தகத்தில் சுவை குறையாது.

அறிவியல் புனைவு. மறுபடியும் சுஜாதாதான், 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும், வாதம் செய்யும், நம்மைவிட நிதானமாக யோசிக்கும். 1980களில் எழுதிய அவர் கதையை 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக வைத்தார். அந்த ஆண்டுகளை நாம் கடந்துவிட்டோம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே படிப்பது தனிச் சுகம். முடித்ததும் 'மீண்டும் ஜீனோ' இருக்கிறது.

சரித்திர நாவல். எல்லாரும் 'பொன்னியின் செல்வன்' என்பார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக் கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற முதல் காட்சியிலேயே கல்கி நம்மைக் குதிரையில் ஏற்றிவிடுவார். ஆனால் இங்கே இருக்கிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது சாண்டில்யனின் 'கடல் புறா'வை. கலிங்கத்தின் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கி ஸ்ரீவிஜயத்தின் கடல்களுக்கு வருகிற கதை. கடாரம், அதாவது மலேசியாவின் கெடா, இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் உட்கார்ந்து, வரிசையாக நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு அதைப் படியுங்கள். ஒரு எச்சரிக்கை: கதாநாயகியின் அழகை வர்ணிக்கத் தொடங்கினால் சாண்டில்யன் இரண்டு மூன்று பக்கத்துக்கு நிறுத்தமாட்டார். தாண்டிப் போங்கள். கதை உங்களுக்காகக் காத்திருக்கும்.

துரத்தல். பூமணியின் 'வெக்கை'. 'அசுரன்' படத்துக்கு அடிப்படை இதுதான், என்றாலும் படத்தைப் பார்த்துவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள். அண்ணனைக் கொன்றவனைப் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம் வெட்டிவிடுகிறான். கையைத்தான் வெட்ட நினைத்தான், உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். காவல்துறை வருமா என்ற பதைப்பு ஒரு பக்கம். மறுபக்கம் அவர்கள் கிடைத்ததை வைத்துச் சமைத்துச் சாப்பிடுவதை, குளத்தில் முகம் கழுவுவதைப் பூமணி நின்று நிதானமாக எழுதுகிறார். ஓடிக்கொண்டிருப்பவனுக்கும் பசிக்கும் அல்லவா? சின்னப் புத்தகம். ஒரு ஞாயிற்றில் முடிந்துவிடும். கரிசல் பேச்சு முதல் பத்துப் பக்கம் தடுக்கலாம், வாய்விட்டுப் படித்தால் காது பழகிவிடும்.

குடும்பம், மனம். இங்கே 'விறுவிறுப்பு' என்ற சொல்லைச் சற்று அகலமாக எடுத்துக்கொள்ளுங்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' சென்னையில் குழாயில் தண்ணீர் வராத ஒரு காலத்தைப் பற்றியது. கொலை இல்லை, துரத்தல் இல்லை. ஜமுனா ஒரு வாளித் தண்ணீருக்கு அலைவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' தடிமன்தான். நீண்ட விடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுகதை. ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பு. உண்மையில் வாழ்ந்த மனிதர்களை அடியொற்றிய கதைகள். 'யானை டாக்டர்', 'சோற்றுக்கணக்கு' இரண்டையும் முதலில் படியுங்கள். 'சோற்றுக்கணக்கு' ஊரை விட்டு வந்து பசித்தவர்களுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். எம்ஆர்டியில் படிக்க வேண்டாம். கண்ணைத் துடைக்கும்போது எதிரில் இருக்கிறவர் சங்கடப்படுவார்.

வாழ்க்கை வரலாறு. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' என்றதும் முகம் சுளிப்பவர்களை எனக்குத் தெரியும். நானும் சுளித்தவன்தான். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்திக்கும் இடத்தைத் தேடி எடுத்து, அங்கிருந்து தொடங்குங்கள். ஐயர் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று வரிசையாக அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பிறகு நடப்பதெல்லாம் ஏட்டுச்சுவடிகளைத் தேடும் ஒரு துப்பறியும் கதைதான். முடித்துவிட்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். 122 அத்தியாயம், ஒவ்வொன்றும் சின்னது.

இந்த மண்ணின் கதைகள். மேலே சொன்ன விதிவிலக்கு இங்கேதான் வருகிறது: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தோனீசியாவின் மேடானிலும் மலேசியாவின் பினாங்கிலும் வாழ்ந்த தமிழர்களின் கதை, சிங்காரமே மேடானில் வேலை பார்த்தவர். முதல் ஐம்பது பக்கம் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் மலாய்ச் சொல்லுமாக உங்களை முட்டும். விடாதீர்கள். எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முயலாமல் ரயில் ஜன்னலில் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே போங்கள். பாண்டியன் உங்களைப் பிடித்துக்கொண்ட பிறகு விடமாட்டான். அதே போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட தமிழர்களைப் பற்றி மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. சிங்கப்பூரிலிருந்தே எழுதுகிறவர்களில் லதாவின் 'நான் கொலை செய்யும் பெண்கள்' சிறுகதைத் தொகுப்பு 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றது. இராம. கண்ணபிரானின் கதைகளையும் தேடுங்கள். நீங்கள் தினமும் நடந்து போகிற அடுக்குமாடி புளோக்கும் மின்தூக்கியும் கதைக்குள் வரும்போது ஒரு திடுக்கிடல் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் புத்தகத்தில் அது கிடைக்காது.

கவிதை சொல்லவில்லை. அது அவரவர் பாடு.

5. பல பாக நாவலின் கண்ணி

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், 'கடல் புறா' மூன்று. நூலகத்தில் முதல் பாகம் இருக்கும், மூன்றாம் பாகமும் இருக்கும், இரண்டாம் பாகம் மட்டும் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும். முதல் பாகமான 'புது வெள்ள'த்தை மூன்றே நாளில் முடித்துவிட்டு 'சுழற்காற்று'க்காக நான் ஐந்து வாரம் காத்திருந்தேன். அதற்குள் பெரிய பழுவேட்டரையர் யார், சின்னவர் யார் என்பதே குழம்பிவிட்டது.

ஆகவே முதல் பாகத்தை எடுக்கும் நாளிலேயே இரண்டாவதையும் எடுங்கள், மூன்றாவதற்கு முன்பதிவு போடுங்கள். ஒரு பாகத்தின் கடைசி நூறு பக்கத்துக்கு வந்ததும் அடுத்தது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: ஐந்து பாகமும் ஒரே பதிப்பகத்தின் பதிப்பாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் 'சுருக்கப் பதிப்பு' என்று அட்டையில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தம்பி சுருக்கத்தைப் படித்துவிட்டு, "கல்கி ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் அண்ணா?" என்று என்னிடம் கேட்டான்.

6. சொந்தமாக வாங்குவதென்றால்

சிராங்கூன் சாலையிலும் தேக்காவைச் சுற்றியும் தமிழ்ப் புத்தகம் விற்கும் கடைகள் உண்டு. இந்திய விலையை வெள்ளிக்கு மாற்றி அதே விலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கப்பல் கூலி, கடை வாடகை எல்லாம் அதன் தலையில்தான் ஏறும். முதல் மாதத்தில் ஒரு கடையில் ஐந்து புத்தகத்தை ஒரே மூச்சில் வாங்கினேன். அச்சிட்ட ரூபாய் விலையின் மேல் ஒட்டிய தாளை வீட்டுக்கு வந்து உரித்துப் பார்த்து வயிறு எரிந்தேன். உரித்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம். வாங்குவதற்கு முன் நடுவில் பிரித்துப் பாருங்கள். அச்சு தலைகீழாக இருக்கிற பக்கம், விடுபட்ட பக்கக் கட்டு எல்லாம் வீட்டில் கண்டுபிடித்தால் பயனில்லை.

இந்தியாவிலிருந்து இணையத்தில் வரவழைத்தால் அஞ்சல் கூலி பல நேரம் புத்தக விலையைத் தாண்டும். 2023 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து விமானத்திலோ அஞ்சலிலோ வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு. 2024 தொடக்கத்திலிருந்து வரி விகிதம் 9 விழுக்காடு. பதிவுபெற்ற பெரிய விற்பனைத் தளங்கள் பணம் செலுத்தும்போதே அதைச் சேர்த்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி விடுப்பு. ஜனவரியில் பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது விடுப்பு கிடைத்தால் பெட்டியில் பாதியைப் புத்தகத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, எடை: 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம் மூன்று கிலோவுக்குக் குறையாது, மலிவு விமானத்தில் கூடுதல் எடைக்கு விமான நிலையத்தில் கட்டுவது மிகவும் அதிகம். கைப்பையில் இரண்டு பாகத்தையும் மேல்சட்டைக்குள் ஒன்றையும் வைத்துக்கொண்டு வந்த அண்ணனை எனக்குத் தெரியும். இரண்டு, வரி: பயணிகளுக்குச் சுங்கத்துறை தரும் பொருள் சேவை வரிச் சலுகை வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. எல்லாருக்கும் 500 வெள்ளி வரை விலக்கு என்று அறையில் யாராவது சொன்னால் நம்பி அட்டைப்பெட்டி கட்டாதீர்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், வரி செலுத்த வேண்டியதைச் சுங்கத்துறையின் இணையத்தளத்திலேயே முன்கூட்டிச் செலுத்திவிடலாம்.

7. காசே இல்லாமல், கைத்தொலைபேசியில்

நூலகச் செயலியில் தமிழ் மின்னூல்கள் உண்டு. அவற்றுக்குத் தாமதக் கட்டணம் கிடையாது, கெடு முடிந்ததும் தாமாகவே திரும்பிப் போய்விடும். மறதிக்காரர்களுக்கு இது வரம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் கல்கியின் நாவல்களும் 'என் சரித்திர'மும் இலவசமாகக் கிடைக்கின்றன. தங்குவிடுதியில் வலை நன்றாக இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களின் 1965 முதல் 2015 வரையிலான நூல்களை மின்வடிவாக்கிய தொகுப்பு ஒன்றும் தேசிய நூலக வாரியத்தில் இருக்கிறது. அச்சில் கிடைக்காத பழைய கதைகளை அங்கேதான் பிடித்தேன். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படியுங்கள். சிறிய திரையில் பக்கம் பக்கமாக வருடிய பிறகு எனக்கு ஒரு மாதம் கழுத்துவலி.

8. ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஏப்ரலில் தமிழ் மொழி விழா, நவம்பர் வாக்கில் சிங்கப்பூர் எழுத்தாளர் விழா. புத்தக வெளியீடுகளும் வாசகர் சந்திப்புகளும் பெரும்பாலும் நூலக அரங்குகளில் வார இறுதியில் நடக்கும். இங்குள்ள தமிழ் நாளிதழான தமிழ் முரசில் அறிவிப்பு வரும். பெரும்பாலானவற்றுக்கு நுழைவு இலவசம், சிலவற்றுக்கு முன்பதிவு தேவை. போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு நிற்பவரிடம், "கடைசியாக எந்தப் புத்தகத்தை ராத்திரி முழுக்கப் படித்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். 'நல்ல புத்தகம் எது' என்று கேட்டால் பட்டியல் சொல்வார்கள். இப்படிக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

அறையில் இருக்கிறவர்களோடு சுற்றுக்கு விடுவதென்றால் ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவையுங்கள், குறிப்பாக நூலகப் புத்தகத்தை. உங்கள் பெயரில் எடுத்தது யார் கையில் தொலைந்தாலும் கட்டப்போவது நீங்கள்தான். இப்போது 'கடல் புறா' இரண்டாம் பாகம் மேல் கட்டில் அண்ணனிடம் இருக்கிறது. கெடு வரும் வியாழக்கிழமை. ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் நாற்பது பக்கம்தான் தம்பி" என்கிறார். மூன்று நாளாக அதே நாற்பது பக்கம்.